ஓர்ஃபியஸுக்கு ஒரு போத்தில் தண்ணீர்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். இருபத்திரண்டு வருடம் லண்டனில் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக ஓடித் திரிந்தவன் நான். ஆஸ்பத்திரி, கவுன்சில், பள்ளிக்கூடம், குடிவரவு நீதிமன்றம் என்று எங்கே இரண்டு பேர் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளாமல் முழித்தார்களோ, அங்கே நடுவில் ஒரு கதிரை போட்டு என்னை இருத்தினார்கள். இந்த வருடம் ஓய்வு எடுத்துக்கொண்டேன். வயது ஐம்பத்தாறுதான். மற்றவர்களுடைய கவலைகளை என் வாயால் சொல்லிச் சொல்லிச் சொந்தக் கவலைக்கு நேரம் கிடைக்காமல் இருந்தது. இப்போது முழுநேரமாகக் கவலைப்படுகிறேன்.

எழுத உட்கார்ந்ததும் ஒரு சிக்கல் வந்தது. வேலையில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்று உங்களுக்கு முதல் நாளே சொல்லியிருப்பார்கள். நான் கேட்ட நல்ல கதைகள் எல்லாம் மற்றவர்களுடையவை. அவை என்னோடேயே சுடலைக்குப் போகும். சொல்லக்கூடியதாக என்னிடம் இருப்பது ஒரே ஒரு நாள். அன்று நான் யார் யாருக்காக வாய் திறந்தேனோ அவர்கள் எல்லோரும் கிரேக்கர்கள், செத்து மூவாயிரம் வருடமாவது இருக்கும். முறைப்பாடு எழுதிப் போடமாட்டார்கள். அன்று வந்திருந்தவர்களில் பரமேசு அண்ணை மட்டும் போடக்கூடியவர் என்பதால், இதை முதலில் அவருக்கு அனுப்பி அனுமதி கேட்டேன். "என்ர பெயரை மாத்தாதை, படத்தையும் போடு" என்று பதில் வந்தது.

அந்த நாளைச் சொல்வதற்கு முன், இந்த வேலைக்கு என்னைப் பழக்கிய மூத்த அம்மா ஒருவரைப் பற்றி இரண்டு வரி. பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் கோபிப்பார். "வேலைக்கு உன்ர வாய் மட்டும் வந்தால் போதும். மற்றதெல்லாத்தையும் வீட்டில விட்டிட்டு வா" என்பது அவருடைய முதல் பாடம். பேசுகிறவர் "நான்" என்றால் நாமும் "நான்" என்றே சொல்லவேண்டும், "அவர் சொல்கிறார்" என்று இழுக்கக்கூடாது. ஒரு சொல் கூட்டவும் கூடாது, ஒரு சொல் குறைக்கவும் கூடாது. தப்பித்தவறி நமக்கே ஏதாவது சொல்ல இருந்தால் "மொழிபெயர்ப்பாளர் சொல்ல விரும்புகிறார்" என்று மூன்றாம் ஆளைப் போலச் சொல்லவேண்டும். "எனக்கு இது மூன்றாவது பிரசவம்" என்ற வசனத்தை, என்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்திப் பதினைந்து தடவை சொல்லவைத்தார். பதினைந்தாவது தடவைதான் என் மீசை நடுங்காமல் நின்றது.

இனி அந்த நாள்.

போன வருடம் ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை. என் மகள் ஆரணிக்குப் பதினேழு வயது. நியூகாசிலில் ஒரு பல்கலைக்கழகத்தைப் பார்த்துவர முதன்முதலாகத் தனியாகப் போகிறாள். மூன்று மணித்தியால ரயில். எனக்கு அன்று பதினொரு மணிக்கு நடு லண்டனில் ஒரு வேலை இருந்தது. மனைவி நர்ஸ், காலை ஷிப்டில் இருந்தாள். போன் லொக்கருக்குள் கிடக்கும், அவளும் நிம்மதியாக இருப்பாள். ஆகவே கிங்ஸ் குறோஸ் ஸ்ரேசன்வரை கொண்டுபோய் ஏற்றிவிடும் பொறுப்பு என்னுடையது.

எங்கள் மூன்று பேருடைய போனிலும் ஒரு ஆப் இருக்கிறது. யார் எங்கே நிற்கிறோம் என்று வரைபடத்தில் நீலப் புள்ளி காட்டும், ஆரணி அதை டொட் என்பாள். தெற்கு லண்டனில் மிச்சம் என்ற இடத்து எங்கள் வீட்டிலிருந்து குறொய்டன் போகும் டிராமில் ஆரணியின் புள்ளி ஊர்ந்து போவதைப் பார்த்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். அது அவளுக்குத் தெரியும். டிக்கெட் கதவடியில் நின்று சொன்னாள்.

"அப்பா, லிசின். போய்ச் சேர்ந்த உடனே மெசேஜ் போடுவன். அதுவரைக்கும் கோல் பண்ணக்கூடாது. டொட்டையும் பாக்கக்கூடாது."

"ஒருக்காக்கூடவோ?"

"ஒருக்காக்கூட. ஆர் எத்தினை மணிக்குப் பாத்தது எண்டு அதில காட்டும். நீங்கள் பாத்தீங்களெண்டா நான் ஓஃப் பண்ணிடுவன். பிறகு யூனிக்குப் போனாலும் ஓன் பண்ணமாட்டன். டீல்?"

"டீல்" என்றேன். வாய் மட்டும்தான் சொன்னது.

அவள் கதவைத் தாண்டிப் பத்தடி போனபிறகுதான் பார்த்தேன், இடியப்பப் பெட்டி என் கையில்.

"ஆரணீ!"

கிங்ஸ் குறோஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவளும் நெற்றியில் அடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். எங்கள் ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெளிக்கிட்டுப் போகிறவரைப் பின்னால் நின்று கூப்பிடக்கூடாது. கூப்பிட்டுவிட்டால் போனவர் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி வெளிக்கிடவேண்டும். நான் பௌதிகத்தில் பட்டம் பெற்றவன். இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை.

"இருந்து ஒரு மிடறு தண்ணி குடிச்சிட்டுப் போ பிள்ளை" என்றேன்.

"அப்பா! ட்ரெயினுக்கு நாலு நிமிசம்!" பெட்டியைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்தக் கதவடியில் நாற்பது நிமிடம் நின்றேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அன்றைய வேலை ஒரு பெரிய அருங்காட்சியகத்தில். எங்கள் மிச்சம் பகுதி முதியோர் சங்கத்திலிருந்து பதினாலு பேரைப் பழைய கிரேக்கச் சாடிகளைப் பார்க்கக் கூட்டிவந்திருந்தார்கள். தலைப்பு: பாதாளத்துக்குப் போய் வந்தவர்களும் வராதவர்களும். சொல்கிறவர் ஜூலியா என்று ஒரு வெள்ளைக்காரப் பெண். கறுப்புப் போர்வை ஒன்றைப் போர்த்திக்கொண்டு, பாதாளத்து அரசன் ஹேடிஸாகவும், நாயாகவும், படகுக்காரனாகவும், அழுகிற மனைவிகளாகவும் தானே மாறி மாறி நடிப்பார். அவருக்குப் பக்கத்தில் மேசைப் பந்தாட்ட நடுவர்போல நான். அவர் "நான் பாதாளத்தின் அரசன்!" என்று உறுமினால் நானும் அதையே தமிழில் சொல்லவேண்டும். அவர் "நான் புதிதாகக் கலியாணம் செய்தவள், பாம்பு கடித்துச் செத்துப்போனேன்" என்று விம்மினால் அதுவும் என் பங்குதான். மீசை நடுங்கவில்லை. பழக்கிய அம்மாவுக்கு நன்றி.

பதினாலு பேரில் இரண்டு பேரை நீங்கள் அறிந்திருக்கவேண்டும். ஒருவர் பரமேசு அண்ணை, முப்பது வருடம் லண்டனில் பஸ் ஓட்டியவர். மற்றவர் இரத்தினம் அக்கா. அவருடைய கைப்பைக்குள் எந்த நேரமும் ஒரு போத்தில் தண்ணீர், ஒரு பெட்டி பிஸ்கட், மற்றவர்களுடைய குடும்ப விசயம் எல்லாம் இருக்கும்.

முதல் சாடியில் ஹெராக்கிளீஸ் என்ற பலசாலி பாதாளத்து வாசலிலிருந்து மூன்று தலை நாயை இழுத்துவருகிறான். அவனுக்கு அந்த வேலையைக் கொடுத்த ராசா பயத்தில் பெரிய தாழி ஒன்றுக்குள் இறங்கி ஒளிந்து, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

"தம்பி, கேள்" என்றார் பரமேசு அண்ணை. "அந்த நாய்க்குச் சாப்பாடு வைக்கிறது ஒரு தட்டிலயோ, மூண்டு தட்டிலயோ?"

கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. கேட்டேன். ஜூலியா பதினொரு வருடமாக இந்தக் கதையைச் சொல்கிறவர். முதல் தடவையாகச் சாடிக்குக் கிட்டப் போய்த் தலைகளை எண்ணினார்.

"மூண்டு தட்டுத்தான்" என்று இரத்தினம் அக்காவே தீர்ப்புச் சொன்னார். "ஒரு தட்டெண்டா நடுத்தலை எல்லாத்தையும் திண்டிடும்."

அடுத்தது படகுக்காரன். செத்தவரின் வாயில் ஒரு காசை வைத்து அனுப்புவார்களாம், ஆற்றைக் கடக்கப் படகுக் கூலி.

"நாங்கள் வாய்க்கரிசி எல்லோ போடுறனாங்கள்" என்றார் இரத்தினம் அக்கா. "அரிசிக்கு ஏத்துவானோ எண்டு கேளும்."

படகுக்காரன் காசைத் தவிர வேறெதையும் வாங்கியதாகத் தெரியவில்லை என்றார் ஜூலியா. கூட்டம் கவலையோடு ஒருவரையொருவர் பார்த்தது. பரமேசு அண்ணை மட்டும் படகுக்காரன் பக்கம். "அவனை ஏசாதையுங்கோ. எங்களுக்கும் திடீரெண்டு ஒரு நாள் காசு வாங்கவேண்டாம், பாங்க் காட் மட்டும் எண்டு சொன்னவங்கள். சில்லறையோட நிண்ட சனத்தை மழைக்குள்ள விட்டிட்டுப் போனனான். மேலிடத்து உத்தரவு. படகுக்காரன் என்ன செய்வான்?"

பிறகு சிசிஃபஸ். மலையில் கல்லை உருட்டி உருட்டி ஏற்றுகிறவன். அந்தத் தண்டனை எப்படி வந்தது என்பதுதான் எங்கள் ஆட்களுக்குப் பிடித்தது. சாகிறதுக்கு முன் மனைவியிடம் இரகசியமாகச் சொல்லிவிட்டான், எனக்கு ஒரு செத்தவீட்டுக் கிரியையும் செய்யாதே என்று. கீழே போய் ஹேடிஸிடம், "பாருங்கள் ஐயா, என் பெண்சாதி எனக்கு ஒன்றுமே செய்யவில்லை. ஒருக்கால் மேலே போய் அவளை ஏசிவிட்டு வருகிறேன்" என்று லீவு வாங்கினான். மேலே வந்தவன் திரும்பிப் போகவே இல்லை. கிழவனான பிறகுதான் பிடித்தார்களாம்.

"அந்தியேட்டி செய்யாமல் விட்டால் இப்பிடி ஒரு வசதி இருக்கோ!" என்றார் ஒருவர் பின்னாலிருந்து.

இரத்தினம் அக்கா அந்தக் கல்லைப் பார்த்தார். "மூளைசாலி. சட்டத்தை முறிக்கேல்லை, பக்கத்தால போயிருக்கிறான்." இந்த வசனத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் பன்னிரண்டு. ரயில் நியூகாசிலுக்குப் போய்ச்சேரும் நேரம். பொக்கற்றில் போன் ஒரு துடிப்புத் துடிக்கும் என்று காத்திருந்தேன். துடிக்கவில்லை. பன்னிரண்டே கால். என் நெஞ்சு இரண்டு தடவை துடித்ததைப் போன் என்று நினைத்துப் பொக்கற்றைத் தடவினேன்.

அப்போதுதான் ஜூலியா ஓர்ஃபியஸின் கதைக்கு வந்தார். பாட்டுக்காரன். பாம்பு கடித்துச் செத்த புது மனைவி யூரிடிசியைத் தேடிப் பாதாளம்வரை போய், ஹேடிஸின் முன்னால் பாடுகிறான். அரசனே கண் கலங்குகிறான். ஜூலியா போர்வையை இழுத்து நிமிர்ந்தார். நானும் நிமிர்ந்தேன்.

"கூட்டிக்கொண்டு போ. நீ முன்னால நட. அவள் பின்னால வருவாள். மேல வெளிச்சத்துக்குப் போய்ச் சேருமட்டும் திரும்பிப் பாக்கக்கூடாது. ஒருக்காக்கூட. பாத்தியெண்டா…"

அதற்குமேல் எனக்கு வரவில்லை.

"என்ன தம்பி, யமன் பாதியில நிண்டிட்டார்?" என்றார் பரமேசு அண்ணை.

ஒருவாறு முடித்தேன். ஓர்ஃபியஸ் நடந்தான். பின்னால் காலடிச் சத்தம் கேட்கவில்லை. வெளிச்சம் தெரிகிற இடத்தில், கடைசிப் படியில், திரும்பினான். அவள் போய்விட்டாள்.

பதினாலு பேருக்கும் கோபம் வந்தது. ஒரு பாட்டுக்காரனை இப்படித் திட்டி நான் கேட்டதில்லை. எல்லாவற்றையும் ஜூலியாவுக்குச் சொன்னேன், இரண்டு சொல்லுக்கு ஆங்கிலமே இல்லை.

"முப்பது வருசம் பஸ் ஓடினனான்" என்றார் பரமேசு அண்ணை. "பின்னால அடிபட்டிருக்கினம், பாடியிருக்கினம், ஒரு பிள்ளை பிறக்கவும் வெளிக்கிட்டது. ஒரு நாளாவது திரும்பிப் பாத்தனானோ? கண்ணாடி எதுக்கு இருக்கு?"

அந்தக் காலத்துக் கிரேக்கர்களிடம் வெண்கலக் கண்ணாடி இருந்தது உண்மைதான் என்று ஜூலியா மெல்லச் சொன்னார். கொஞ்சம் ஆடிப்போயிருந்தார்.

"அது இல்லை விசயம்" என்றார் இரத்தினம் அக்கா. "அவள் பின்னால நிண்டு கூப்பிட்டிருப்பாள். போறவனைப் பின்னால கூப்பிட்டால் விளங்குமோ? கூப்பிட்டாலும் பரவாயில்லை. திரும்பிப் போய், இருந்து, ஒரு மிடறு தண்ணி குடிச்சிட்டு வெளிக்கிட்டிருக்கவேணும்."

இதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். ஜூலியா தலையை ஆட்டினார். "முடியாது. பாதாளத்தில் எதையாவது வாயில் வைத்தால் பிறகு வெளியே வர ஏலாது. மாதுளம் முத்தைத் தின்ற ஒரு பெண்ணை வருடத்தில் பாதி அங்கேயே வைத்திருந்தார்கள்."

"தண்ணியும் கூடாதோ?"

"அங்குள்ள தண்ணீரைக் குடித்தால் எல்லாம் மறந்துபோகும்."

எங்கள் முறைப்படி தண்ணீர் குடிக்காமல் வெளிக்கிடக்கூடாது. அவர்களுடைய முறைப்படி குடித்தால் வெளிக்கிட ஏலாது. பதினாலு பேரும் ஓர்ஃபியஸுக்காக நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். பெரிய பெரிய விசாரணைகளில் நின்றிருக்கிறேன், இவ்வளவு அக்கறையை ஒரு சபையிலும் கண்டதில்லை.

இரத்தினம் அக்கா கைப்பையைத் திறந்து தன் போத்திலை எடுத்துத் தூக்கிக் காட்டினார். "மேல இருந்து கொண்டுபோற தண்ணியெண்டா?"

ஜூலியா யோசித்தார். நெடுநேரம் யோசித்தார். அதைத் தடுக்கிற மாதிரி எந்தக் கதையிலும் தான் வாசித்ததில்லை என்று ஒப்புக்கொண்டார். கைதட்டல் எழும்பியது. கண்ணாடியும் ஒரு போத்தில் தண்ணீரும் இருந்திருந்தால் யூரிடிசி வீட்டுக்கு வந்து சமைத்திருப்பாள் என்று முடிவாயிற்று.

நேரம் பன்னிரண்டு முப்பத்தைந்து. போன் துடிக்கவில்லை.

ஜூலியா கடைசிக் கேள்வியைக் கேட்டார். "சரி, அரசன் அவ்வளவு தெளிவாகச் சொன்னான். பிறகும் ஒரு மனிதன் ஏன் திரும்பிப் பார்க்கிறான்?"

நான் செய்யவேண்டியது இந்தக் கேள்வியைத் தமிழில் சொல்வது மட்டும். வாயைத் திறந்தேன். வெளியே வந்தது இது:

"காலமை மகளை கிங்ஸ் குறோஸில ஏத்திவிட்டனான். தண்ணி குடியாமல் போயிட்டாள். பன்னிரண்டுக்குச் சேர்ந்திருக்கவேணும். ஒரு சத்தமும் இல்லை. திரும்பிப் பாக்காமல் ஒரு மனுசன் எப்பிடி இருக்கிறது?"

காலையிலிருந்து நான் "நான், நான்" என்று சொன்னதெல்லாம் பாதாளத்து ஆட்களுடைய பேச்சு. ஆகவே இதையும் ஓர்ஃபியஸ் சொன்னதாகவே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

"அவனுக்கு மகளும் இருந்ததோ?" என்றார் ஒருவர்.

"முதல் தாரத்துப் பிள்ளையாக்கும்."

"கிங்ஸ் குறோஸ் அந்தக் காலத்திலயும் இருந்ததே?"

"இருந்திருக்கும். பழைய ஸ்ரேசன்தானே" என்றார் பரமேசு அண்ணை.

இருபத்திரண்டு வருடத்தில் என் சொந்த வசனம் ஒன்று வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. பழக்கிய அம்மா சொல்லித் தந்ததைப் பிடித்துக்கொண்டேன். "மொழிபெயர்ப்பாளர் தன்ர பேச்சைப் பேசிப்போட்டார். அதுக்கு மன்னிப்புக் கேக்கிறார்."

"எந்த மொழிபெயர்ப்பாளர்?"

"நான்தான் அண்ணை."

"அப்ப மகள்?"

"என்ர மகள்."

என்ன நடக்கிறது என்று ஜூலியா கேட்டார். குறைக்கக்கூடாது. முழுவதையும் ஆங்கிலத்தில் சொன்னேன், ஒப்பந்தம், புள்ளி, இடியப்பப் பெட்டி எல்லாவற்றையும். பாதாளத்தின் அரசன் கறுப்புப் போர்வையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு நடந்தது ஒரு வழக்கு. பாதிப்பேர் "எடுத்துப் பார்", மீதிப்பேர் "பாராதை, பிள்ளை ஓஃப் பண்ணிப்போடும்." பார்த்தால் அந்தப் புள்ளி இனி இல்லை. அடுத்த வருடம் அவள் எங்கேயோ ஒரு அறையில் இருப்பாள், எனக்கு ஒன்றும் தெரியாது. பார்க்காவிட்டால் இப்போதே ஒன்றும் தெரியாது.

இரத்தினம் அக்கா கையை நீட்டினார். "இஞ்ச தாரும். நீர் பாக்கக்கூடாது எண்டுதானே சொன்னவள்? நான் பாக்கிறன். நீர் அங்கால திரும்பி நில்லும்." சிசிஃபஸின் மாணவி.

போனைத் திறந்து கொடுத்துவிட்டு, தாழிக்குள் ஒளிந்த ராசா இருந்த சாடியின் பக்கம் திரும்பி நின்றேன். அவரும் நானும் ஒரே முகத்தோடு.

பின்னால் பேச்சுக் கேட்டது. "என்ர மூக்குக் கண்ணாடியை பஸ்ஸுக்குள்ள விட்டிட்டு வந்திட்டன். பரமேசு, நீ பார்." "வடிவான பிள்ளை. சின்னப் படமாக் கிடக்கு. பெருசாக்கிப் பாப்பம்." "அதை அமத்தாதை!" "அமத்தினாத்தானே பெருசாகும்."

அது பெரிதாகவில்லை. வீடியோ கோல் போனது.

மூன்றாவது மணியடிப்பில் எடுத்துவிட்டாள். நான் பார்க்கவில்லை. ஆனால் அவள் என்ன பார்த்திருப்பாள் என்று தெரியும்: அப்பாவின் போனில் அப்பா இல்லை. முன்பின் தெரியாத பதினாலு முதிய முகங்கள் குனிந்து பார்க்கின்றன. நடுவில் கறுப்புப் போர்வை போர்த்த ஒரு பெண்.

ஆங்கிலத்தில் அவள் கத்தினாள். எங்கள் பிள்ளைகளுக்குப் பயம் வந்தால் ஆங்கிலம்தான் வரும். முன்னால் பெரும்பாலும் தமிழ் மட்டும் தெரிந்த ஆட்கள். என் வாய் பழக்கதோசத்தில், சாடியைப் பார்த்தபடியே, வேலையைத் தொடங்கிவிட்டது.

"நீங்கள் ஆர்?" என்றேன் தமிழில். "என்ர அப்பா எங்க? அப்பாவுக்கு என்ன நடந்தது? பொய் சொல்லாதேங்கோ. அவருக்கு பிரஷர் இருக்கு. நான் இப்ப ட்ரெயின் பிடிச்சுத் திரும்பி வாறன். என்ர அப்பா எங்க?"

எத்தனையோ பேருடைய பயத்தை "நான்" என்று சொல்லியிருக்கிறேன். அன்று என் மகள் எனக்காகப் பட்ட பயத்தை என் வாயாலேயே, "என்ர அப்பா" என்று, ஒரு சொல் குறையாமல் சொன்னேன். ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இன்னும் எனக்கு அது முழுவதாக இறங்கவில்லை.

"ஒண்டும் இல்லைப் பிள்ளை" என்றார் பரமேசு அண்ணை. "அப்பா நல்லா இருக்கிறார். திரும்பி நிக்கிறார்."

"ஏன் திரும்பி நிக்கிறார்?" இதையும் நான்தான் தமிழில் சொன்னேன்.

"பாக்கக்கூடாதாம். நீர்தானே சொன்னனீர்."

பிறகு தமிழில், சின்னக் குரலில்: "அப்பா. திரும்புங்கோ."

நான் அதை ஜூலியாவுக்காக ஆங்கிலத்தில் சொன்னேன்.

"ஐயோ மனுசா, அப்படியானால் திரும்பு!" என்று தரையிலிருந்து கத்தினார் பாதாளத்தின் அரசன்.

திரும்பினேன். போனுக்குள் ஆரணி. கண் சிவந்திருந்தது. பின்னால் ஒரு செங்கல் கட்டடம், மழைத் தூறல். வாயின் ஓரத்தில் தேங்காய்ச் சம்பல்.

"ஏன் பிள்ளை மெசேஜ் போடேல்லை?"

"சொறி அப்பா. கம்பஸ் டூர் தொடங்கிட்டுது. பிறகு பசிச்சது. மறந்துபோனன்."

மறந்துபோனாளாம். இந்த மனிதன் பாதாளம்வரை இறங்கி நின்றிருக்கிறான், அவள் இடியப்பம் தின்றிருக்கிறாள்.

புள்ளிக்காகப் பரமேசு அண்ணையே வாதாடினார். "பாத்தது நான். கோல் எடுத்ததும் நான். உம்மட அப்பா சாடியைத்தான் பாத்தவர். பதினாலு சாட்சி இருக்கு, ஒரு வெள்ளைக்காரியும் இருக்கிறா." ஆரணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். தீர்ப்பை வீட்டுக்கு வந்து சொல்வதாகச் சொன்னாள். இரத்தினம் அக்கா விடவில்லை. "பிள்ளை, இப்பவாவது இருந்து ஒரு மிடறு தண்ணி குடி. நாங்கள் பாக்கவேணும்." பதினாலு பேர் பார்த்திருக்க என் மகள் நியூகாசிலில் ஒரு மதிற்கட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.

அன்று பின்னேரம் வந்து சேர்ந்ததும் ஆரணி தன் போனை என்னிடம் நீட்டினாள். "சரி, பாருங்கோ. நீங்கள் பாக்கேல்லை எண்டு நானும் செக் பண்ணவேணும்." யார் எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்ற பட்டியல். என் பெயர் இல்லை, பரமேசு அண்ணை அமத்தியது புள்ளியை அல்ல, கோலைத்தான். அவளுடைய பெயர் மூன்று தடவை இருந்தது. ஒன்பது பன்னிரண்டு. ஒன்பது முப்பத்தொன்று. ஒன்பது ஐம்பது. மூன்று தடவையும் பார்த்தது என் புள்ளியை.

"என்ன பிள்ளை இது?"

"நீங்கள் கிங்ஸ் குறோஸிலேயே நிக்கிறீங்களோ எண்டு பாத்தனான்" என்றாள். "நிண்டீங்கள். பிறகு வெளிக்கிட்டிட்டீங்கள். அதுக்குப் பிறகு நான் பாக்கேல்லை."

புள்ளியை அவள் அணைக்கவில்லை.

இதிலிருந்து உங்களுக்கு என்ன பாடம் என்று கேட்பீர்கள். வேலை நேரத்தில் போனை அணைத்து வையுங்கள், அது கட்டாயம். உங்கள் சொந்தப் பேச்சு வாய்க்கு வருகிறதென்று தெரிந்தால், அது வந்துவிடுவதற்கு முன்னால் "மொழிபெயர்ப்பாளர்" என்ற சொல்லைச் சொல்லிவிடுங்கள். சொன்னால் பேச்சு நின்றுவிடும் என்றில்லை, குறைந்தபட்சம் ஓர்ஃபியஸின் தலையில் விழாது. வாய் மட்டும் வேலைக்கு வந்தால் போதும் என்று என்னைப் பழக்கிய அம்மா சொன்னது சரிதான். ஆனால் மற்றதெல்லாம் வீட்டில் சும்மா கிடக்காது, அடுத்த பஸ் பிடித்து வந்துவிடும். அதற்கும் ஒரு கதிரை போட்டு வையுங்கள். வீட்டிலிருந்து ஒரு போத்தில் தண்ணீரும் கொண்டுபோங்கள்.

இந்த செப்டெம்பரில் ஆரணியைக் காரில் கொண்டுபோய் நியூகாசிலில் விட்டேன். மனைவிக்கு ஷிப்ட். கடைசிப் பையையும் தூக்கிக்கொண்டு விடுதிக் கதவுவரை அவள் போய்விட்டாள். அப்போதுதான் பார்த்தேன், சோற்றுக் குக்கரின் மூடி என் கையில்.

"ஆரணீ!"

திரும்பி வந்தாள். நெற்றியில் அடிக்கவில்லை. நடைபாதைக் கரையில் உட்கார்ந்தாள். காருக்குள் கிடந்த என் போத்திலை எடுத்து ஒரு மிடறு குடித்தாள். மூடியை வாங்கிக்கொண்டு எழுந்து போனாள்.

நான் காரை எடுத்தேன். அந்தத் தெருவின் முடிவுவரை ஒருக்காக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடி எதற்கு இருக்கிறது?